ஏழு தடங்களும் ஒரு கார்ச் சாவியும்

லா வெர்னியேர், பிரான்ஸ்
22 செப்டம்பர் 2025, திங்கள்

பாக்கியம்,

வந்து சேர்ந்துவிட்டேன். பாரிஸில் விமானம் மாறியதும், துலூஸில் இறங்கியதும், அங்கிருந்து பஸ் பிடித்து இந்த ஊருக்கு வந்ததும் நான் ஒருவனேதான். யாரிடமும் வழி கேட்கவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், டாலஸ் ஏர்போர்ட் வாசலில் பக்கத்து வீட்டு மானஸாவின் காரில் உட்கார்ந்துகொண்டு நீ என்னைப் பார்த்த பார்வை அப்படி. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவளின் பார்வையா அது? ஆஸ்பத்திரிக்குள் தள்ளுவண்டியில் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

வாயால் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. அதனால் எழுத்தில் இருக்கட்டும் என்று டேப்லெட்டில் அடித்து ஈமெயிலில் அனுப்புகிறேன். பிறகு யாரும் "நான் அப்படிச் சொல்லலையே" என்று சொல்ல முடியாது.

இந்த ஊரைச் சுற்றி ஏழு நடைத்தடங்கள். ஏழும் சர்ச் வாசலில் கிளம்பி, காடு மேடெல்லாம் சுற்றி, அதே சர்ச் வாசலுக்கு வந்து சேரும். ஒன்றும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. 2009-ல் ஆபீஸ் வேலையாகத் துலூஸ் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டி வந்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதே ஊர். ஏழு தடத்தையும் நான் தனியாக, போன் இல்லாமல், துணை இல்லாமல் நடந்து திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் காரை நான்தான் ஓட்டுவேன். நீயோ உன் பிள்ளை இனியனோ சாவியைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடத்தில் தவறினாலும் சாவியை நானே கொடுத்துவிடுகிறேன். இதுதான் பேச்சு.

பிப்ரவரியில் நடந்ததை யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் கேட்டுக்கொண்டேன். நீயும் தலையாட்டினாய். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இனியனுக்குப் போன் போட்டுவிட்டாய். கலிபோர்னியாவில் சான் ரமோனில் உட்கார்ந்துகொண்டு அவன் எனக்கு டாக்டர் பார்க்கிறான், சாவியைக் கொடு என்கிறான். வழி தவறியதை நான் பொறுத்துக்கொள்வேன். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேரும் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு சித்திரைக்குச் சித்திரை வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவன் நான். அந்த மலையின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். இது எந்த மூலைக்கு?

வெள்ளியங்கிரி


பிளானோ, டெக்சாஸ்
23 செப்டம்பர் 2025

ஏனுங்க,

உங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை வைத்து நீங்களும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் துவரம்பருப்பு டப்பா அடித்தது. பயந்தே போனேன். திறந்து பார்த்தால் பருப்புக்குள் உங்கள் போன். இனியன் கூப்பிடுகிறான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டுகிற ஏதோ ஒன்றை அவன் அதில் போட்டு வைத்திருக்கிறானாம். அது இரண்டு நாளாக நீங்கள் பிளானோவில் நம் சமையலறையிலேயே நிற்பதாகக் காட்டுகிறதாம். அப்பா போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். மறந்து என்ற சொல்லை ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது. "பார்த்தீங்களாம்மா, இதைத்தான் நான் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டான்.

நீங்கள் தனியாகப் போனது அவனுக்குத் தெரியாது. உங்கள் சிநேகிதர் கஸ்தூரிரங்கன் அண்ணனும் கூட வருகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். பாவம், நியூ ஜெர்சியில் அந்த மனுஷர் நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஐசலின் பக்கமே போக முடியாமல் இருக்கிறார். இனியனின் காலேஜ் நண்பர்கள் யாராவது ஓக் ட்ரீ ரோட்டில் பார்த்துவிட்டால் என் பொய் போய்விடும் என்று தோசை மாவைக்கூட வீட்டிலேயே அரைக்கிறாராம். "தங்கச்சி, சீக்கிரம் அவனை வரச் சொல்லும்மா" என்கிறார்.

கார்ச் சாவியையும் காணோம். மாடத்தில் இல்லை, உங்கள் மேசையில் இல்லை, ஸ்வெட்டர் பையில் இல்லை. பிரான்ஸுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களா? அங்கே எந்தக் காரை ஓட்டுவதற்கு?

எழுத்தில் இருக்கட்டும் என்றீர்கள். சரி, நானும் எழுதுகிறேன். நாலு மைல் தள்ளியிருக்கிற கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போன மனுஷர், மூன்று மணி நேரம் கழித்துப் பக்கத்து மாநிலம் ஓக்லஹோமாவில் ஒரு கேஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு, "இங்கே எல்லாம் மாறிக் கிடக்குது பாக்கியம்" என்று சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு எப்படி இருக்கும்? உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததை மீறினேன். நான் செய்தது தப்பு. ஆனால் அன்றைக்கு யாரிடமாவது சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

அந்தக் கார் உங்களுக்கு மட்டும் காலில்லை, எனக்கும் அதுதான் கால். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை காலி பார்க்கிங் லாட்டில் கற்றுக்கொடுத்தீர்கள், இரண்டு தடவையும் நீங்கள் போட்ட சத்தத்தில் நான் இறங்கி நடந்தே வந்துவிட்டேன். இப்போது கோயிலுக்கும் கடைக்கும் மானஸாவின் நேரம் பார்த்துக் காத்திருக்கிறேன். சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று உங்களைவிட எனக்கு ஆசை அதிகம். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை டப்பாவில் கிழமை ஒட்டியிருக்கிறேன்.

தனபாக்கியம்


லா வெர்னியேர்
25 செப்டம்பர், வியாழன்

பாக்கியம்,

முதல் தடம் நேற்று முடிந்தது. ஒன்பதரைக்குக் கிளம்பி ஒன்றே காலுக்குச் சர்ச் வாசலில் நின்றேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

தடுமாற வழியே இல்லை. மரத்திலும் பாறையிலும் வேலிக் கம்பிலும் விரல் நீளத்துக்கு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு கோடு என்றால் நேரே போ. கோடு மடங்கியிருந்தால் அந்தப் பக்கம் திரும்பு. பெருக்கல் குறி போட்டிருந்தால் அது வழியில்லை, திரும்பி வா. நம் ஊர் டோல் ரோடுகளில் இப்படி ஒன்று போட்டு வைத்திருந்தால் எனக்கு பிப்ரவரியே வந்திருக்காது. நேற்றைய தடம் ஓக் மரக் காடு, அப்புறம் ஒரு பழைய மாவு மில், இடிந்துபோன மதகு. காட்டில் பன்றி வேட்டை நடக்கும் நாளில் போர்டு வைப்பார்களாம், அன்றைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாதாம்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி பெயர் மிரேய். நம் வயதுதான் இருக்கும். அவளுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை, எனக்குப் பிரெஞ்சு மூன்று. வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஏழு ஆணி அடித்து, தடத்துக்கு ஒன்றாக லாமினேட் செய்த வரைபடம் மாட்டி வைத்திருக்கிறாள். எதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோமோ அதன் பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் அவளே எழுதிக்கொள்கிறாள். இருட்டுவதற்குள் ஆள் திரும்பாவிட்டால் தேடிப் போக வேண்டுமே, அதற்கு. பெயரெல்லாம் பிரெஞ்சில் இருப்பதால் நான் என் கணக்குக்கு ஒன்று, இரண்டு என்றுதான் வைத்திருக்கிறேன். முடிந்த ஒவ்வொன்றுக்கும் டைரியில் ஒரு டிக்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. பேன்ட் பையில். நடக்கும்போது தொடையில் படுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

வெ.


லா வெர்னியேர்
27 செப்டம்பர், சனி

பாக்கியம்,

இரண்டாவது தடமும் ஆயிற்று. இது முதலாவதைவிட நல்ல தடம். உனக்குப் பிடித்திருக்கும்.

ஊரைத் தாண்டி முக்கால் மணி நேரம் போனால், கூரை போட்ட ஒரு கல் தொட்டி வருகிறது. ஊற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் இங்கேதான் துணி துவைத்தார்களாம். சுற்றிலும் சாய்வாகக் கல் பதித்திருக்கிறார்கள், துவைத்துத் துவைத்துத் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, ரொட்டியில் நீ கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியை வைத்துச் சாப்பிட்டேன். எங்கிருந்தோ ஒரு நாய் வந்தது. ஒற்றைக் காது. இன்னொரு காது பன்றி கடித்ததோ என்னவோ, பாதிதான் இருக்கிறது. முதலில் குரைத்தது, அப்புறம் ரொட்டிக்கு மசிந்துவிட்டது. பருப்புப்பொடியை மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டது பார், நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நாயைத் தேடிக்கொண்டு, நீலக் கதவு போட்ட ஒரு பண்ணை வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். பெயர் கேட்டாள். வெள்ளியங்கிரி என்று நாலு தடவை சொன்னேன், அவள் வாயில் "வெலி" என்பதற்கு மேல் வரவில்லை. சரி, வெலியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு டிக். இன்னும் ஐந்து. இனியனிடம் சொல்லு. வேண்டாம், சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன்.

வெ.


பிளானோ
28 செப்டம்பர்

ஏனுங்க,

நாய் தும்மியதைப் படித்து நானும் சிரித்தேன். மானஸாவிடமும் படித்துக் காட்டினேன். "அங்கிள் எவ்ளோ நல்லா எழுதுறார் ஆன்ட்டி, அவருக்கா ப்ராப்ளம்?" என்றாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எல்லாம் என் மனப்பிரமையோ, பிப்ரவரியில் ரோடு வேலைதான் உங்களைக் குழப்பியதோ என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

இனியன் தினமும் கூப்பிடுகிறான். "அப்பாகிட்ட டூ மினிட்ஸ் பேசணும், கஸ்தூரி அங்கிள் நம்பர் குடுங்க" என்கிறான். அவருக்கு அங்கே சிக்னல் இல்லை என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். பொய் சொல்லிச் சொல்லி எந்தப் பொய்யை யாரிடம் சொன்னேன் என்று காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

கார் ஓடாமல் நிற்கிறதே என்று நேற்று கராஜுக்குப் போனேன். கதவு பூட்டவில்லை. போய் என் பக்கத்துச் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

ஏழும் முடித்துவிட்டு வாருங்கள். நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன், அப்பா ஜெயித்துவிட்டார், சாவிப் பேச்சை விடு என்று.

தனபாக்கியம்


லா வெர்னியேர்
30 செப்டம்பர், செவ்வாய்

பாக்கியம்,

மூன்றாவதும் முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டாய், ஒவ்வொரு தடமும் முந்தினதைவிட அழகாக இருக்கிறது.

நேற்று போனதில் துணி துவைக்கிற ஒரு கல் தொட்டி பார்த்தேன். மேலே கூரை, கீழே ஊற்றுத் தண்ணீர். இந்த மாதிரி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பெண்கள் முட்டி போட்டுத் துவைத்துக் கல்லே தேய்ந்திருக்கிறது. உனக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது. அங்கே ஒரு நாய் வந்தது, ஒரு காது பாதிதான் இருக்கிறது. இவ்வளவு சாது நாயை நான் கண்டதில்லை. குரைக்கவே இல்லை, நேரே வந்து மடியில் தலையை வைத்துக்கொண்டது.

பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓர் அம்மாள் வந்து, கை நிறைய நீலப் பிளம் பழம் கொடுத்தாள். முன்பின் தெரியாதவனிடம் நெடுநாள் பழகியவள் போலப் பேசினாள். இந்த ஜனங்களின் அன்பே அன்பு. நம் தெருவில் பத்து வருஷமாகக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்று டிக். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள். நீ ஏன் நாலு வரியாவது சேர்த்து எழுதுவதில்லை?

வெ.


பிளானோ
30 செப்டம்பர், இரவு

ஏனுங்க,

கடிதம் பார்த்தேன். சந்தோஷம்.

அந்த ஊர் நாய்கள் எல்லாம் நல்ல நாய்கள் போலிருக்கிறது. பிளம் பழத்தைக் கழுவித்தானே சாப்பிட்டீர்கள்?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மூன்று தடம் நடந்ததே போதும். அதுவே பெரிய விஷயம். மீதியை அப்படியே விட்டுவிட்டு, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுங்களேன். சாவியைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இனியனையும் கேட்க விடமாட்டேன். மழைக்காலம் வேறு வருகிறது. இரண்டு நாள் வீட்டிலேயே ஓய்வு எடுங்கள், மிரேய் அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். வெளியே போனால் அந்த நோட்டில் எழுதாமல் போகாதீர்கள். தயவு செய்து.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. எல்லோரும் சௌக்கியம்.

தனபாக்கியம்


லா வெர்னியேர்
3 அக்டோபர், வெள்ளி

பாக்கியம்,

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மூன்றே போதும் என்று யார் உன்னைக் கேட்டது, என்னால் முடியாது என்று இன்னும் நினைக்கிறாளா என்று. அந்தக் கோபத்தில்தான் நேற்று நாலாவது தடத்துக்குக் கிளம்பினேன்.

முக்கால் மணி நேரம் நடந்தேன். ஒரு கல் தொட்டி வந்தது. அழகாக இருக்கிறதே என்று உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன். நாய் ஒன்று ஓடி வந்தது, வாலை ஆட்டி ஆட்டி உடம்பே ஆடுகிறது. நான் ரொட்டியைக் கிள்ளுவதற்கு முன்பே என் கைக்குக் கீழே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த நாய்க்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீலக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தாள். தூரத்திலிருந்தே கையைத் தூக்கி, "வெலி" என்று கூப்பிட்டாள்.

பாக்கியம், அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவள் முகம் எனக்குப் புதுசு. ஆனால் என் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் கோடு மரத்துக்கு மரம் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துப் போவதா வருவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெருக்கல் குறி போட்ட மரத்தை மூன்று தடவை பார்த்தேன். மூன்றும் வேறு வேறு மரமா, ஒரே மரமா, தெரியாது. கடைசியில் அந்த அம்மாள்தான் நாயோடு பின்னாலேயே வந்து, என் கையைப் பிடித்து மிரேய் வீட்டில் விட்டாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும்.

மிரேய் சூப் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தன் பத்து வார்த்தை இங்கிலீஷில் சொன்னாள். "யூ லைக் லவுவார். ஆல்வேஸ் லவுவார்." லவுவார் என்றால் அந்தத் துவைக்கிற தொட்டி. நோட்டைத் திறந்து காட்டினாள். என் பெயருக்கு நேரே நாலு வரி. முதலாவது மாவு மில். அப்புறம் லவுவார், லவுவார், லவுவார். அந்தத் தடம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஏழு ஆணியில் ஒவ்வொரு தடவையும் அதையே எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதுசு என்று.

ராத்திரி இந்த டேப்லெட்டில் என் கடிதங்களையே திறந்து பார்த்தேன். 27-ஆம் தேதி ஒற்றைக் காது நாய். 30-ஆம் தேதியும் ஒற்றைக் காது நாய். நான்தான் எழுதியிருக்கிறேன், என் எழுத்துதான், என் தமிழ்தான். அப்புறம் உன் பதிலைப் படித்தேன். ஒரு சிட்டிகை உப்பு கூடினால் மூன்று நாள் பேசுகிறவள் நீ. கல் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஊர் நாய்கள் எல்லாம் நல்ல நாய்கள் என்று எழுதியிருக்கிறாய்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. படித்த உடனே தெரிந்திருக்கிறது. பிப்ரவரியில் சொல்லாதே என்று கெஞ்சினேன், சொன்னாய். இப்போது சொல்ல வேண்டிய ஒன்றை என்னிடம் சொல்லவில்லை. நீ ஒரு வரி எழுதியிருந்தால் நேற்று அந்தக் காட்டில் நான் அப்படி நின்றிருக்க மாட்டேன். ஏன் சொல்லவில்லை பாக்கியம்?

எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தாம் தேதி விமானம். பாரிஸில் மாற வேண்டும். எந்த வாசல், எந்த மாடி என்று தெரியவில்லை. வரும்போது எப்படி மாறினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அறையை விட்டு வெளியே வரவில்லை.

வெ.


பிளானோ
3 அக்டோபர்

ஏனுங்க,

முதலில் ஒரு காரியம். அறையிலேயே இருங்கள். மிரேய் அம்மாவிடம் இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கும் பிரெஞ்சு வரியைக் காட்டுங்கள், மானஸா எழுதிக் கொடுத்தாள். என் புருஷரைத் தனியாக வெளியே விட வேண்டாம் என்று இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

ஆமாம், எனக்குத் தெரியும். 30-ஆம் தேதி கடிதத்தைப் படித்தேன். திரும்ப 27-ஆம் தேதி கடிதத்தை எடுத்துப் படித்தேன். அப்புறம் இரண்டையும் சத்தமாக, ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து அணைந்தது, அதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு தடவை சொன்னதற்கு ஏழு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு தடவை வாயைத் திறக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லியிருந்தேன். அது ஒன்று. இன்னொன்று, இப்படித்தான் எனக்குப் பழக்கம். என் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் கேன்சர் என்று தெரிந்தபோது வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும், அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. அல்சர் என்று சொல்லி வைத்தோம். கடைசி நாள்வரை, "எப்போ மில்லுக்குப் போலாம்னு டாக்டரைக் கேளு கண்ணு" என்றார். அவருக்கு நல்லது செய்ததாகத்தான் நாங்கள் நினைத்தோம். நேற்று மழையில் நீங்கள் நின்றதைப் படித்தபோதுதான், அப்பா எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்று எனக்கு உறைத்தது.

அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன். கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

ஜூனில் ஒரே நாளில் மூன்று தடவை மாத்திரை போட்டீர்கள். நாலாவது தடவைக்கு டப்பாவை ஒளித்து வைத்தது நான்தான். ஆகஸ்டில் மானஸாவை யார் என்று கேட்டீர்கள், விளையாட்டுக்குக் கேட்டதாகச் சிரித்துச் சமாளித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். கோயிலிலிருந்து வரும்போது பிரெஸ்டன் ரோட்டில் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனீர்கள், பின்னால் வந்தவர் ஹாரன் அடித்ததற்கு அவரைத் திட்டினீர்கள். நான் கையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இம்மாதம் 14-ஆம் தேதி ஞாபகசக்தியைப் பார்க்கும் டாக்டரிடம் நானும் இனியனும் உங்களைக் கேட்காமலேயே நேரம் வாங்கி வைத்திருக்கிறோம். பல் டாக்டர் என்று சொல்லிக் கூட்டிப் போவதாக இருந்தோம். அவ்வளவுதான். என்னிடம் வேறு மறைவு இல்லை.

நான் அங்கே வருகிறேன். தனியாக விமானம் ஏறியதே இல்லை, எனக்கும் பாரிஸில் எந்த வாசல் என்று தெரியாது, ஆனால் வாயிருக்கிறது, கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். மானஸா டிக்கெட் பார்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் துலூஸ்.

இன்னும் ஒன்று பாக்கி. இனியனிடம் சொல்ல வேண்டும். நான் வீட்டில் இல்லாமல் போனால் அவன் கண்டுபிடித்துவிடுவான், அது மட்டும் காரணமில்லை. அவன் நம் பிள்ளை, அவனும் பயந்துகொண்டுதான் இருக்கிறான். போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் உங்களைக் கேட்காமல் கூப்பிட்டேன். இந்தத் தடவை கேட்கிறேன்.

அவனிடம் சொல்லட்டுங்களா?

உங்கள் பதில் வருகிறவரை நான் கூப்பிட மாட்டேன்.

தனபாக்கியம்


லா வெர்னியேர்
4 அக்டோபர், சனி

பாக்கியம்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, டைரியில் குறித்து வைத்தேன்.

பிரெஞ்சு வரியை மிரேயிடம் காட்டினேன். படித்தாள். வரைபடம் ஏழையும் ஆணியிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, தக்காளி நறுக்க என்னைக் கூப்பிட்டாள்.

மானஸாவை யார் என்று கேட்டேனா? எனக்கு அது நினைவே இல்லை. சிவப்பு விளக்கும் நினைவில்லை. நீ சொல்வதை நம்ப மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் நாயையும் நான் நம்பியிருக்க மாட்டேன். நீ பக்கத்துச் சீட்டில் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னையும் சேர்த்தல்லவா கொண்டுபோய் எங்கேயாவது மோதியிருப்பேன்.

சாவி பேன்ட் பையில் இருக்கிறது. நான் கொடுக்கிறேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை நீ வருவதற்குள் மனசு மாறினாலும் மாறும், நீயே கையை விட்டு எடுத்துக்கொள். இனியனிடம் கொடுக்க வேண்டாம். நீ வைத்துக்கொள். ஓட்டக் கற்றுக்கொள்வதானால் வேறு யாரிடமாவது கற்றுக்கொள், நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். 14-ஆம் தேதி டாக்டரிடம் போகலாம். பல் டாக்டர் என்று சொல்லியிருந்தால் அங்கேயே ரகளை பண்ணியிருப்பேன்.

இனியனிடம் சொல். எல்லாவற்றையும் சொல், ஓக்லஹோமாவில் நான் காரில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும். அதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. கஸ்தூரிரங்கனையும் கடைக்குப் போகச் சொல், பாவம்.

மீதி ஐந்து தடம் இருக்கிறது. உன் முட்டிக்கு ஏற்றது ஒன்று, இரண்டு கிலோமீட்டர்தான், சர்ச்சைச் சுற்றித் திராட்சைத் தோட்டம் வழியாகப் போகுமாம். போவோம். மஞ்சள் கோட்டை நீ பார்த்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொன்னதையே நான் திரும்பச் சொன்னால் புதிதாகக் கேட்பது போலக் கேட்காதே. சிரித்துச் சமாளிக்காதே. இதை ஏற்கெனவே சொன்னீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல். எனக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்.

வெள்ளியங்கிரி